கை நனைக்காத வல்லரசு

மரம் விழவேண்டும் என்று தனசேகரன் நினைக்கவே இல்லை. விழாமல் நிற்பதுதான் அவனுடைய திட்டத்தின் உயிர். அந்தத் திட்டத்தை அவன் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் அது விழுந்தது.

கள்ளக்குறிச்சியில் ஒரு டுடோரியலில், தபால் வழியில் பி.ஏ. படிப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சர்வதேச அரசியல் சொல்லிக்கொடுத்துவந்தான் தனசேகரன். எம்.ஏ. முடித்துப் பல வருஷம் ஆகியும் வாய்த்த உத்தியோகம் அவ்வளவுதான். உலக நாடுகள் ஏன் அடித்துக்கொள்கின்றன என்பதற்கு அவனிடம் மூன்று கோட்பாடுகள் இருந்தன. வீட்டு எருமை ஏன் தன்னை மட்டும் முட்டுகிறது என்பதற்கு ஒன்றுகூட இல்லை.

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாதிச் சங்கம் ஒரு வாரச் சாலை மறியல் அறிவித்தது. ஊருக்கு ஊர் சாலையோர மரத்தை வெட்டிக் குறுக்கே போடுவது என்று பேச்சு. கச்சிராயபாளையம் சாலையில் இருந்த தனசேகரனின் ஊருக்கும் ஒரு புளியமரம் குறிக்கப்பட்டது. சுதந்திரம் வந்த நாளிலிருந்து அந்த ஊருக்குக் கிடைத்த முதல் ஒதுக்கீடு அதுதான்.

மறியலுக்கு உள்ளூர்ப் பொறுப்பு சுபாஷ். தனசேகரனின் மாமன் மகன், டிராக்டர் வைத்திருப்பவன், யோசிப்பதை வேறு யாராவது செய்தால் சந்தோஷப்படுபவன். அவன் ஆட்களோடும் ரம்பத்தோடும் மரத்தடிக்கு வந்தபோது தனசேகரன் குறுக்கே புகுந்தான்.

"மச்சான், ரஷ்யாகிட்ட குண்டு இருக்குது. அமெரிக்காகிட்டயும் இருக்குது. போட்டானுங்களா? போடல. போட்டுட்டா அப்பறம் பயம் போயிடும். போடப்போறான், போடப்போறான்னு இருந்தாத்தான் பயம்."

"அதுக்கு இன்னா இப்ப?"

"மரத்த முக்கால்வாசி அறுத்துட்டு வுட்டுடு. எப்ப வேணா வுழும்ன்ற மாதிரி நிக்கட்டும். கலெக்டரே நடுங்குவாரு."

மிச்சம் கால்வாசி அறுக்கவேண்டாம் என்ற அளவில் சுபாஷுக்குக் கோட்பாடு உடனே பிடித்துவிட்டது. அறுத்த மரம் சாலைப் பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது. காற்றுக்கு விழுந்துவிடக்கூடாதே என்று, தேர் இழுக்கிற தடிமனில் ஒரு கயிற்றை அதன் கழுத்தில் கட்டி, மறுமுனையை வயல் பக்கம் நின்ற டிராக்டரில் முடிந்தான் தனசேகரன். இதைச் சுபாஷிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் அப்போது க்யூபாவில் ஏவுகணை வந்த கதையில் இருந்தான்.

கதை இருட்டும்வரை நீளும் என்று தெரிந்த சுபாஷ், பெட்ரோமாக்ஸ் விளக்கு எடுத்துவரலாம் என்று டிராக்டரில் ஏறி ரிவர்ஸ் எடுத்தான். கயிறு தொய்ந்தது.

மரம் கத்திக்கொண்டே சாலைக்குக் குறுக்கே படுத்தது. அப்துல் ஜப்பார் பாயின் டீக்கடை பெஞ்சு அதன் கிளைக்கடியில் அப்பளமானது. மலையிலிருந்து இறங்கிவந்த காலை முதல் பஸ், இலைகளுக்கு ஒரு முழம் முன்னால் கிறீச்சிட்டு நின்றது. யாருக்கும் அடி இல்லை.

"தம்பி," என்றார் ஜப்பார் பாய், கையில் டீ கிளாஸோடு, உடைந்த பெஞ்சைப் பார்த்தபடி. "இது வுழுவாதுன்னுதான சொல்லிக்கினு இருந்த?"

தனசேகரன் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் முன் ஜன்னலில் ராணியம்மாளின் முகம் தெரிந்தது.

ராணியம்மாள் அன்று அவன் வீட்டைப் பார்க்க வருகிறவர். ரிஷிவந்தியத்துக்காரர். மகள் செந்தமிழ்ச்செல்வி வெள்ளிமலையில் சுகாதார நிலைய நர்ஸ் என்பதால் கல்வராயன் மலை மேலேயே குடியிருந்தார். தனசேகரனுக்கு அந்த மகளைக் கேட்டிருந்தார்கள். மறியல் மதியத்துக்கு மேல்தான். முதல் பஸ்ஸில் வந்து வீட்டைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் மலையேறிவிடலாம் என்று நேரம் குறித்துச் சொல்லியனுப்பியவன் தனசேகரனேதான்.

முப்பத்திரண்டு வயதுக்குள் அவன் வீட்டை நிறையப் பேர் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் விட்டுப்போனார்கள்: பாக்கலாம். இந்தத் தடவை அவனுக்கு அந்த வார்த்தையைத் தாங்கும் தெம்பு இல்லை. செந்தமிழ்ச்செல்வியை அவன் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை பார்த்திருந்தான். தடுப்பூசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியோடு நின்றாள். பெட்டி மேல் உட்கார்ந்துவிட்ட பெரிய மீசைக்காரர் ஒருவரை ஒரே பார்வையில் எழுப்பிவிட்டாள். அன்று அந்த மீசைக்காரரோடு சேர்ந்து தனசேகரனும் எழுந்து நின்றுவிட்டான். இன்னும் உட்காரவில்லை.

அவன் மரத்தைத் தாண்டி ஓடினான். அம்மாவும் மகளும் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கும் தேன் பாட்டிலும் கூடவே இறங்கின.

"வாங்கம்மா, வாங்க. தோ, அதான் வூடு. கூப்புடு தூரம்."

ராணியம்மாள் மரத்தைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். மறுபடி மரத்தைப் பார்த்தார்.

"வூடு பாக்க வரச்சொல்ல மரம் வுழுது. சகுனம் சரியில்ல தம்பி. இன்னிக்கு வாசப்படி மிதிக்கறது இல்ல."

"அப்ப எப்பங்கம்மா?"

"பாக்கலாம்."

திரும்பிப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இங்கே மரம் விழுந்த செய்தி பின்னால் இருந்த ஊருக்கு எட்டியதும், அவர்கள் மதியம் வரை காத்திருப்பது மானக்கேடு என்று தங்கள் மரத்தையும் உடனே வெட்டிப்போட்டுவிட்டார்கள். பாடத்தில் ஆயுதப் போட்டி என்ற தலைப்பில் தனசேகரன் பக்கம் பக்கமாக நடத்தியது இதைத்தான். இரண்டு மரங்களுக்கு நடுவில் பஸ் மாட்டிக்கொண்டது. மற்ற பயணிகள் நடையைக் கட்டினார்கள். டிரைவரும் கண்டக்டரும் சாவியை ஜப்பார் பாயிடம் கொடுத்துவிட்டு நடந்தார்கள். ராணியம்மாளுக்கு மூட்டு வலி. நடக்க ஆகாது. வாசப்படியும் மிதிக்கக்கூடாது. அவர் மறுபடி பஸ்ஸில் ஏறி, நீளமான கடைசி சீட்டில் புடவையை விரித்துக் குடியேறினார்.

சிக்கல் மத்தியானம் ஆரம்பித்தது. மறியல்காரர்களுக்குச் சமையல், தனசேகரனின் அம்மா பெரியநாயகி பொறுப்பு. அவர்கள் வீட்டு அண்டா, வீட்டு அரிசி, வீட்டு விறகு. சாம்பார் வாசம் மரத்தைத் தாண்டிப் பஸ்ஸுக்குள் போனது. அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம்: சம்பந்தம் பேசி முடியும்வரை ஒரு வீட்டார் மற்ற வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். இலையில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிறகு வார்த்தை மாறினால் ஊர் சிரிக்கும்.

தனசேகரன் ஒரு தட்டு நிறையச் சோறு கொண்டுபோனான்.

"எந்த வூட்டு அண்டா தம்பி?" என்று கேட்டார் ராணியம்மாள்.

"மறியல் அண்டாங்கம்மா. பொது."

"அரிசி?"

"அதுவும்... பொதுவா..."

"எடுத்துக்கினு போ தம்பி. பசிக்கல."

பசித்தது. அவர் கண் தட்டைவிட்டு நகரவே இல்லை. தனசேகரன் தட்டோடு மரத்தின் மேல் உட்கார்ந்து யோசித்தான். ஒரு நாடு இன்னொரு நாட்டை அங்கீகரிக்கிற பிரச்சினைதான் இது. சாதாரண மனிதனாக இருந்திருந்தால் கவலைப்பட்டிருப்பான். அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

முதலில் யதார்த்தவாதம். உலகத்தில் பலம்தான் பேசும், நீதி நியாயம் எல்லாம் மேடைக்கு. பலம் இல்லாதவன் கடைசியில் பணிவான். ராணியம்மாளுக்குச் சோறு கிடைக்கும் மற்ற வழிகளை அடைத்தால் போதும், பசி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மனசு கேட்கவில்லைதான். ஆனால் கோட்பாட்டில் மனசுக்கு இடம் இல்லை என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. அவன் ஜப்பார் பாயிடம் போனான்.

"பாய், பஸ்ல இருக்கறவங்களுக்கு பன்னு, பிஸ்கட்டு எதுவும் குடுக்காதீங்க."

"மறியலுக்குள்ளாற நீ தனியா ஒரு மறியலா?"

"ரெண்டே வேளை, பாய்."

"பாக்கலாம் தம்பி," என்று சொல்லிக்கொண்டே, அவன் கண் எதிரே இரண்டு பன்னைப் பொட்டலம் கட்டி ராணியம்மாளுக்குக் கொடுத்தனுப்பினார் பாய்.

அது போதாதென்று மறுநாள் காலை பஸ் பக்கத்தில் புகை எழும்பியது. ராணியம்மாள் கல் கூட்டி, பாயிடம் இரவல் வாங்கிய பாத்திரத்தில் மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார். வீடு பிடித்திருந்தால் கொடுப்பதற்கென்று கொண்டுவந்த கிழங்கு. அந்த மூட்டை ஒரு மாதத்துக்குத் தாங்கும். எதிரியின் கையிருப்பைக் கணக்கிடாமல் முற்றுகை போட்டவர்கள் சரித்திரத்தில் என்ன ஆனார்கள் என்று தனசேகரனுக்கு நன்றாகத் தெரியும். மார்க்கு போட்டிருக்கிறான்.

இதற்குள் முற்றுகை போட்டவர்கள் பக்கம் காய்கறி தீர்ந்துபோயிருந்தது. கள்ளக்குறிச்சிச் சந்தைக்குப் போக வழியில்லை. வழியை மறித்திருந்தவர்கள் அவர்களே. வெறும் ரசத்தைப் பார்த்து வெறுத்துப்போன சுபாஷ், கிழங்கு வாசம் பிடித்து மரத்தை ஏறிக் குதித்தான். திரும்பி வரும்போது ஒரு கூடைக் கிழங்கு கொண்டுவந்தான். மறியல்காரர்கள் மொய்த்தார்கள். பெரியநாயகியும் உப்பும் மிளகாயும் தொட்டு இரண்டு துண்டு சாப்பிட்டார்.

"நல்லா மாவாட்டம் இருக்குதுடா. யாருது?"

"பஸ்ல கீறாங்களே, அந்தம்மாது," என்றான் சுபாஷ்.

பெரியநாயகியின் கை வாய்க்குப் போகாமல் நின்றது.

"அடப்பாவி! பொண்ணு வூட்டு சாப்பாட்டத் தின்ன வச்சிட்டியேடா! நான் இன்னும் பொண்ணையே பாக்கலையே!"

யதார்த்தவாதம் அன்றோடு முடிந்தது. பணியவைக்கப் போன வல்லரசு, மொத்தப் படையோடு எதிரியின் சோற்றில் கை நனைத்துவிட்டது.

தனசேகரன் அசரவில்லை. அடுத்தது தாராளவாதம். சண்டையால் ஆகாதது வியாபாரத்தால் ஆகும். கொடுக்கல் வாங்கல் வளர்ந்தால் ஒருவரை விட்டு ஒருவர் இருக்கமுடியாது, உறவு தானாக வரும். ராணியம்மாளிடம் உப்பு இல்லை, மிளகாய் இல்லை. இவர்களிடம் கிழங்கு இல்லை. ஜப்பார் பாய் கடை இரண்டு பக்கமும் சேராத சுதந்திரத் துறைமுகம். அவர் கடைக்குள் இந்தப் பக்கத்து உப்பு போனால் கடை உப்பாகும். அந்தப் பக்கத்துக் கிழங்கு வந்தால் கடைக் கிழங்காகும். யாரும் யார் கையையும் நனைக்கவில்லை.

இது நடந்தது. தனசேகரனே ஆச்சரியப்படும்படி நடந்தது. பால் விஷயத்தில்தான் உடைந்தது.

"பாய், இந்த டீக்கு எந்த வூட்டுப் பாலு?" என்று கேட்டார் ராணியம்மாள், பாதி கிளாஸ் குடித்த பிறகு.

பாய் தனசேகரனைப் பார்த்தார். பாயின் கடைக்குப் பால் ஊற்றுவது பெரியநாயகி.

"எருமப் பாலுங்கம்மா."

"எந்த வூட்டு எருமை?"

"எருமைக்கு ஏதுங்கம்மா வூடு? மேயுது, வருது, கறக்குது."

"தண்ணி ஜாஸ்தியா இருக்குதே, அதான் கேட்டேன்."

மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியநாயகியின் குரல் சீறி வந்தது. "பாய்! எங்க வூட்டுப் பாலுல ஒரு சொட்டு தண்ணி கெடையாதுன்னு சொல்லுங்க அவங்களுக்கு!"

ராணியம்மாள் கிளாஸைக் கீழே வைத்தார். அவர் யோசித்தார். கிளாஸில் இன்னும் பாதி டீ இருந்தது. ஏலக்காய் வேறு போட்டிருந்தது.

"டீ கிளாஸ்ல குடிக்கறது. கையி எங்க நனையுது?" என்று தீர்ப்புச் சொல்லி மிச்சத்தையும் குடித்தார்.

தனசேகரன் பாயிடம் ஓடி வந்தான். "பாய், இது சம்மதமா, சம்மதம் இல்லையா?"

"டீ குடிச்சாங்க தம்பி."

"அதத்தான் கேக்கறேன், அதுக்கு இன்னா அர்த்தம்?"

"ஏலக்கா புடிக்கும்னு அர்த்தம்."

மூன்றாவது கோட்பாட்டைத் தனசேகரன் கடைசி ஆயுதமாக வைத்திருந்தான். சார்புக் கோட்பாடு. உலகத்தில் மையம் என்று ஒன்று, விளிம்பு என்று ஒன்று. விளிம்பு விளைவிக்கும், மையம் உறிஞ்சும். மலைமேல் இருக்கிறவர்களுக்குக் கீழே இருக்கிறவர்கள் காலகாலமாகச் செய்யும் அநியாயத்தை எடுத்துச் சொன்னால், இவன் நம்ம பக்கத்துப் பையன் என்று ராணியம்மாளுக்குப் பாசம் வரும். பஸ்ஸின் படிக்கட்டில் உட்கார்ந்து அவன் ஆரம்பித்தான்.

"யோசிச்சுப் பாருங்கம்மா. மலையில தேனு எடுக்கறாங்க, கடுக்கா பொறுக்கறாங்க, கெழங்கு போடறாங்க. வெல வைக்கறது யாரு? கீழ இருக்கறவன். மூட்டைய எட போடறது யாரு? கீழ இருக்கறவன். இது சுரண்டலா இல்லையா?"

"நெசந்தான் தம்பி. நானும் பாத்துக்கினுதான் இருக்கறேன்."

"இங்கருந்து ஒரு நல்லதும் மேல போறதில்ல. அங்கருக்கற நல்லதெல்லாம் கீழ வந்துடுது."

"ரொம்ப கரெக்டு தம்பி." ராணியம்மாள் கண் கலங்கியது. "இத்தினி நாளா எனக்குப் புரியாம இருந்துச்சு. இப்ப எம்பொண்ணையும் கீழ இறக்கப் பாக்கறீங்க."

தனசேகரன் படிக்கட்டிலிருந்து எழுந்தான். ஒரு கோட்பாடு இவ்வளவு சுத்தமாக நிரூபணமாகி அவன் பார்த்ததே இல்லை.

இந்தக் களேபரத்தில் செந்தமிழ்ச்செல்வி எங்கே என்றால், எல்லா இடத்திலும். மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மரத்தின் மேல் ஏறி இறங்கி, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்துகொண்டிருந்தாள். ரம்பம் பிடித்துக் கை கிழிந்தவனுக்குக் கட்டு, காய்ச்சல்காரக் குழந்தைக்கு மாத்திரை, சுபாஷின் காலில் ஏறிய முள். அவள் எதிரே வரும்போதெல்லாம் தனசேகரன் மரியாதையாக ஒதுங்கி நின்றான். செஞ்சிலுவைச் சங்க வண்டிக்கு இரு தரப்பும் வழிவிடவேண்டும் என்பது உலக வழக்கம். வண்டியை நிறுத்திப் பேச்சுக் கொடுக்கலாம் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கடைசியில் உச்சி மாநாடு ஒன்றுதான் வழி என்று முடிவாயிற்று. இடம், டீக்கடை. ராணியம்மாள் ஒரு பக்கம் ஸ்டூலில், பெரியநாயகி மறுபக்கம் கவிழ்த்த அன்னக்கூடையில். நடுவில் பாய்.

மாநாடு முதல் நிமிஷத்திலேயே முட்டி நின்றது. ஒருவரை ஒருவர் என்னவென்று கூப்பிடுவது? 'சம்பந்தியம்மா' என்றால் கூப்பிட்டவர் சம்மதித்த மாதிரி. 'அக்கா' என்றால் யார் மூத்தவர் என்று ஆகிவிடும். பெயர் சொல்லக் கூடாது. 'ஏங்க' என்பது கட்டின புருஷனுக்கு. எனவே இருவரும் பாயைப் பார்த்தே பேசினார்கள்.

"பாய், அவங்க பையன் இன்னா வேல பாக்கறாருன்னு கேளுங்க."

"பாய், காலேஜ் வாத்தியாருன்னு சொல்லுங்க."

"பாய், வாரத்துல ஒரு நாளுதானாமே?"

"பாய், அந்த ஒரு நாளும் ஒழுங்காப் போறான்னு சொல்லுங்க."

இரண்டு பேரும் பேசுவது இரண்டு பேருக்கும் கேட்டது. ஆனாலும் பாய் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். சொல்லும்போது கொஞ்சம் காரத்தைக் கம்மி பண்ணினார். தனசேகரன் ஓரமாக நின்று, ஐ.நா. சபைப் பொதுச் செயலாளர் வேலை இவ்வளவு கஷ்டமா என்று வியந்தான்.

"பாய், மரத்த எதுக்கு அறுத்தாருன்னு கேளுங்க."

பெரியநாயகி தனசேகரனைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கடை ரேடியோவில் செய்தி ஆரம்பித்தது. வடக்கே சில ஊர்களில் மறியலில் துப்பாக்கிச் சூடு. செத்துப்போனவர்கள் பற்றிச் சொன்னார்கள். சுபாஷ் எழுந்து ரேடியோ அருகில் வந்து நின்றான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பாய் கவனிக்கவில்லை.

தனசேகரன் தரையைப் பார்த்தான். யாராவது நடுங்கவேண்டும் என்றுதான் அவன் மரத்தைப் பாதியில் நிறுத்தினான். நடுங்குகிறவன் கையில் துப்பாக்கி இருக்கலாம் என்று அவன் க்யூபா கதையில் வரவில்லை. அவன் ஊரில் உடைந்தது ஒரு பெஞ்சு. வெட்கமாக இருந்தது.

"யாரு பெத்த புள்ளைங்களோ," என்றார் பெரியநாயகி.

"காலைல சாப்ட்டுப் போனதுங்களோ இல்லியோ," என்றார் ராணியம்மாள்.

பாய் நடுவில் இருப்பதை இருவருமே மறந்துவிட்டார்கள். ராணியம்மாள் ஸ்டூலை இழுத்து அன்னக்கூடைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் கழித்து மூட்டு வலிக்கு எந்த எண்ணெய் என்று பேச்சு போனது. சாயந்திரம் "யக்கா" என்று ஒருவரை ஒருவர் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு பேருமே யக்கா. யார் மூத்தவர் என்ற கேள்வியை இரண்டு பேரும் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள்.

"அம்மா, அப்ப சம்மதம்தான?" என்று பெரியநாயகியிடம் கேட்டான் தனசேகரன்.

"யக்காகிட்ட கேக்கணும்டா."

ராணியம்மாளிடம் போனான். "யக்கா இன்னா சொல்றாங்கன்னு பாக்கலாம் தம்பி."

மறியல் முடிந்தது. கோரிக்கைக்குச் சென்னையில் என்ன பதில் என்று யாருக்கும் தெரியவில்லை. சுபாஷ் கேட்டதற்கு, "பேசிக்கினு இருக்காங்களாம்" என்று சங்கத்திலிருந்து தகவல் வந்தது. தனசேகரனுக்கு அந்த மாதிரிப் பதில் பழக்கமானதுதான்.

மரத்தை எடுத்தால்தான் பஸ் போகும். மிச்சம் விட்டதை நீயே அறு என்று சுபாஷ் ரம்பத்தின் ஒரு முனையை அவனிடம் கொடுத்தான். புளியமரம் லேசில் அறுபடுகிற ஜாதி இல்லை. வெயில் ஏறுவதற்குள் உள்ளங்கை இரண்டும் கொப்புளித்து உடைந்தன. ஆனால் மனசு துள்ளியது. அம்மாக்கள் இருவரும் பஸ் நிழலில் உட்கார்ந்து ஒரே முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். பலத்தைப் பார்த்துப் பணிந்தார்கள் என்றது முதல் கோட்பாடு. வியாபாரம் பலன் கொடுத்தது என்றது இரண்டாவது. விளிம்பும் மையமும் கைகோத்தன என்றது மூன்றாவது. மூன்றுமே ஒரே முடிவைச் சொன்னது உலக வரலாற்றில் இதுவே முதல் தடவையாக இருக்கவேண்டும்.

"கையக் காட்டுங்க சார்."

செந்தமிழ்ச்செல்வி பையைத் திறந்தபடி எதிரே நின்றாள். அவன் மரியாதையாக ஒதுங்கப் பார்த்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்து மரத்தின் மேல் உட்காரவைத்தாள். பஞ்சில் மருந்தை நனைத்து வைத்தாள். உயிர் போனது.

"எரியுதா?"

"இல்லீங்க."

"எரியும். எரிஞ்சா எரியுதுன்னு சொல்லுங்க."

"எரியுது."

அவள் துணி சுற்ற ஆரம்பித்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல், "பாவம், உங்க அம்மா ஒரு வாரமா சரியா சாப்புடல. நீங்களும்தான்," என்றான்.

"நானா? மொத நாளு மத்தியானமே உங்க அண்டாவுல சாப்ட்டேனே. அப்பறம் தெனமும். உங்க அம்மாதான் போட்டாங்க, மறியலுக்கு வந்த நர்ஸுன்னு நெனச்சு. 'நர்ஸம்மா, இன்னும் கொஞ்சம் வச்சிக்க'ன்னு ரெண்டாவது வாட்டியும் போட்டாங்க. சாம்பாரு நல்லா இருந்துச்சு."

முற்றுகை, துறைமுகம், மாநாடு. இத்தனைக்கும் நடுவில் அவள் தினமும் இலையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"அப்ப... அப்ப கை நனைச்சுட்டீங்க!"

"பசிச்சுது, சாப்ட்டேன். அதுல இன்னா சார் இருக்குது?"

அவன் வாயைத் திறந்தான். மூன்று கோட்பாடும் ஒரே சமயத்தில் வாசலுக்கு ஓடிவந்து முட்டிக்கொண்டு நின்றன. சாலையில் சுபாஷின் ஆட்கள் தள்ள, புளியமரத்தின் அடித்துண்டு பள்ளத்தில் உருண்டது. பஸ் டிரைவர் எங்கிருந்தோ வந்து ஹாரனை அடித்துப் பார்த்தார். இனி நேரம் இல்லை.

"செல்வி," என்றான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில் அவனுக்கே தூக்கிவாரிப்போட்டது. "எங்க அம்மாவக் கேட்டா உங்க அம்மாவக் கேக்கச் சொல்றாங்க. உங்க அம்மாவக் கேட்டா எங்க அம்மாவக் கேக்கச் சொல்றாங்க. பாயக் கேட்டா ஏலக்கான்றாரு. நான் உங்களையே கேக்கறேன். என்னக் கட்டிக்க உங்களுக்கு இஷ்டமா?"

அவள் கட்டின் முனையைக் கிழித்து இரண்டாகப் பிரித்து, முடிச்சுப் போட்டு, இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இல்லீங்க சார். நீங்க நல்லவருதான், பாத்துக்கினுதான் இருந்தேன். ஆனா எனக்கு உங்களப் புடிக்கல. மொத நாளே என்னக் கேட்டிருந்தா மொத நாளே சொல்லியிருப்பேன்."